ஒரு பைட்டுக்காக நான் அழித்த மூன்று வரிகள்

கண்ணு,

பத்து நாளாக உன் போனை எடுத்ததும் "அப்புறம் பேசறேன் சாமி" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அம்மாவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று நீ அப்பாவிடம் விசாரித்தது எனக்குத் தெரியும். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ என்னைப் பாராட்டினாய், அது எனக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், நீ பதறிப்போய் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து நிற்பாய். அதனால் எழுதுகிறேன். சாவகாசமாகப் படி. முடிந்தால் உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் காட்டு, நான் வெட்கப்பட மாட்டேன்.

நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. முதலாளியின் மகன் நம் ஆபீஸின் பழைய போர்வெல் விவரங்களையெல்லாம் புது டேட்டாபேஸுக்கு மாற்றும் வேலையை உன்னிடம் கொடுத்திருப்பதாகச் சொன்னாய். "உன் டேபிளைத் தெறந்து பாத்தம்மா. பாறை வகைக்கு ஒரே ஒரு பைட்! அந்தக் காலத்துலயே என்னமா சுருக்கி வெச்சிருக்கே! இதை அப்படியே எடுத்துக்கறேன். டிரில்லருங்க எழுதற மத்த குறிப்பையும் இதே மாதிரி நம்பராக்கிட்டு எழுத்தைத் தூக்கிடறேன்" என்றாய். பெற்ற பிள்ளை, அதுவும் இதே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற பிள்ளை, அம்மா வேலையைப் புகழ்ந்தால் எந்த அம்மாவுக்கும் மனசு குளிரும். எனக்குக் குளிரவில்லை. அந்த ஒரு பைட்டால் ஒரு மனிதர் தொழிலை விட்டுப் போனார். ஒரு பெண்ணின் தோட்டம் காய்ந்தது. இரண்டும் என்னால்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் திருச்செங்கோட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது போர் போடுகிற ஒவ்வொரு ரிக் வண்டியிலும் ராடு புத்தகம் என்று ஒன்று இருக்கும். வண்டி சத்தீஸ்கரில் நின்றாலும் சங்ககிரியில் நின்றாலும், இருபதடி ராடு ஒன்று பூமிக்குள் இறங்கி முடிந்ததும், மேலே வருகிற கல் பவுடரைப் பார்த்து டிரில்லர் ஒரு வரி எழுதுவார். செம்மண், சுக்கான், கரும்பாறை, ஈரம், கேப். பாறையில் வெடிப்பு வந்து ராடு சட்டென்று இறங்கினால் அதுதான் கேப், தண்ணீர் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். புத்தகம் ஆபீஸுக்கு வந்ததும் நான் வரி வரியாக டைப் செய்வேன். ஒரு போருக்கே நாற்பது ஐம்பது வரி. வருஷம் முழுக்க எத்தனை போர் போடுகிறோம் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அந்த வரிகள் ஏறுகிற அட்டவணையை, நீ சொன்ன அந்த டேபிளை, நான்தான் உருவாக்கினேன். யாரும் சொல்லித் தரவில்லை, இணையத்தில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதுதான். விவரம் தெரியாமல் பாறை வகைக்கு நிலையான நீளம் கொடுத்துவிட்டேன். எந்த வார்த்தையாக இருந்தாலும் அறுபது எழுத்துக்கு இடம். "கேப்" என்று தட்டினால் மீதி இடத்தையெல்லாம் வெற்றிடத்தால் நிரப்பி வைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு நம் தமிழ் எழுத்து வேறு. புள்ளிக்கு மூன்று பைட், காலுக்கு மூன்று பைட், கொம்புக்கு மூன்று பைட். "கரும்பாறை" இருபத்தேழு பைட் பிடிக்கும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்று எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் இருந்தது, சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில் "ஒன்றுமில்லை" என்று அடிப்போம். அது முப்பத்து மூன்று பைட்! கரும்பாறையைவிட ஒன்றுமில்லை கனமாக இருந்தது என்று கண்டுபிடித்த அன்று நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

சிரிப்பு ஒரு பக்கம், கம்ப்யூட்டர் மெஷின் திணறியது ஒரு பக்கம். பேக்கப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், சாப்பிட்டு வந்து பக்கத்துக் கடைக்காரம்மாவோடு கதை பேசி முடிக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். புது மெஷின் கேட்டேன். "இருக்கறதுல ஓட்டும்மா" என்றார் முதலாளி. சரி, ஓட்டிக் காட்டுகிறேன் என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். நிலையான நீளத்தை எடுத்துவிட்டு, வார்த்தை எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் இடம் பிடிக்கிற வகைக்கு மாற்றினேன். "ஒன்றுமில்லை" எல்லாவற்றையும் நீக்கிக் காலியாகவே விட்டேன். அதிலேயே டேபிள் பாதிக்கு மேல் இளைத்துவிட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டிய வேலையே இல்லை.

ருசி கண்டுவிட்டேனே, விடுவேனா? ஒரே வார்த்தை லட்சம் வரியில் திரும்பத் திரும்ப வருகிறது, அதை ஏன் லட்சம் தடவை எழுதி வைக்க வேண்டும்? வார்த்தைகளைத் தனியாக ஒரு சின்ன டேபிளில் ஒரே ஒரு தடவை எழுதி எண் கொடுத்துவிட்டால், பெரிய டேபிளில் எண் மட்டும் இருந்தால் போதும். நல்ல யோசனைதான், இன்றைக்கும் அதில் குற்றமில்லை. நீ செய்யப் போவதும் அதுதான். ஆனால் அந்த எண்ணை ஒரே பைட்டில் அடக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. ஒரு பைட்டில் இருநூற்று ஐம்பத்தாறு வகைதான் அடங்கும். என்னிடம் இருந்ததோ ஐந்நூறுக்குக் கிட்டே. செம்மண், செவமண், சிவப்பு மண் என்று ஒரே பொருளை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதியதையெல்லாம் ஒன்றாக்கினேன். அது நியாயம். அப்படியும் முந்நூறுக்குக் கீழே வரவில்லை. இரண்டு பைட் கொடுத்திருந்தால் அறுபத்தையாயிரம் வகைக்கு இடம் இருந்திருக்கும். கொடுக்க மனசு வரவில்லை. வேறு வேறு பொருளையும் ஒன்றாகச் சேர்க்கக் கை தாராளமாக ஓட ஆரம்பித்தது.

பட்டியலில் "கரும்பாறை, பல்லாடுது" என்று ஒன்று வந்தது. மொத்தமே நாற்பத்து மூன்று வரி. எழுதியவர் ஒரே ஒரு ஆள், சென்னியப்பன் அண்ணன். எங்கள் கம்பெனியின் மூத்த டிரில்லர். நீ சின்னப் பையனாக ஆபீஸுக்கு வரும்போது ரிக் வண்டியில் ஏற்றி உட்கார வைப்பாரே, வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், அவர்தான். அந்த வரியை முதல் தடவை பார்த்தபோதே நான் அவருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறேன்.

"ஏனுங்கண்ணா, பாறைக்குப் பல்லு வேறயா?"

"சிரிக்காதீங்கம்மிணி. பவுடர் கறுப்பாத்தான் வருது. ஆனா ராடு ஒரு உலுக்கு உலுக்குது. கல்லு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கல, பல்லாடற மாதிரி நிக்குது. இன்னிக்கு நிக்கும், நாளைக்கு யாராச்சும் மறுபடி உள்ள இறங்குனா உழுந்துரும். நான் எழுதுன மாதிரியே போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டேன். பிறகு, சுருக்குகிற அன்றைக்கு, இது பாறைதானே என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பாறைதான். கரும்பாறையோடு சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன். பட்டியல் இருநூற்று ஐம்பத்து நான்கில் வந்து நின்றது. முதலாளி நாலு பேர் முன்னால் என்னை மெச்சினார். டைப் செய்து முடித்த பழைய ராடு புத்தகங்களைப் பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாம் என்று சொன்னதும் நான்தான்.

வயிற்றெரிச்சலை இன்னும் கேள். மிச்சம் பிடித்த அந்த ஒரு பைட்டும் மிச்சமாகவில்லை. பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கட்டத்துக்கு அடுத்து நான் ஆழத்தை வைத்திருந்தேன், அது நான்கு பைட் எண். நான்கு பைட் எண் நான்கின் மடங்கில்தான் தொடங்கும் என்பதால், நடுவில் மூன்று பைட்டை மெஷின் சும்மா வெற்றாக நிரப்பி வைத்திருந்தது. ஒன்று கொடுத்தாலும் இரண்டு கொடுத்தாலும் டேபிள் அதே எடைதான் இருந்திருக்கும். நான் அந்த வார்த்தையை எதற்குமே இல்லாமல் அழித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு கோடை போயிருக்கும். பனமரத்துப்பட்டியில் பாவாயி அக்கா என்று ஒருவர், இரண்டு ஏக்கர் பூந்தோட்டம் வைத்திருந்தார். சாமந்தியும் கொஞ்சம் அரளியும். அவர் போர் எங்கள் கம்பெனி போட்டது, சென்னியப்பன் அண்ணன் கை. தண்ணீர் குறைந்துவிட்டது, இன்னும் இருநூறு அடி ஆழப்படுத்த வேண்டும் என்று கேட்டு வந்தார். அண்ணன் அப்போது சத்தீஸ்கரில் இருந்தார், வேறு வண்டி போயிற்று. "உள்ள எப்படிம்மா?" என்று முதலாளி என்னைக் கேட்டார். நான் திரையைப் பார்த்தேன். மேலிருந்து கீழ் வரை கரும்பாறை, கரும்பாறை, கரும்பாறை. "சுத்தமான பாறைங்க, தைரியமா இறக்கலாம்" என்றேன். உதிர்கிற பாறை என்று தெரிந்திருந்தால் உள்ளே ஒரு பைப் இறக்கிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்திருப்பார்கள். இறக்கவில்லை. ராடு கீழே போய்ச் சுற்ற ஆரம்பித்ததும் நடுவிலிருந்து கல் சரிந்து விழுந்தது. போராடி ராடை உருவினார்கள், நுனியில் பாறையை உடைக்கிற சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. போர் மூடிக்கொண்டது. பக்கத்திலேயே இன்னொன்று போட்டுப் பார்த்தார்கள், வெறும் புழுதி. அரளி எப்படியோ தாக்குப்பிடித்தது. சாமந்தி மொட்டு விட்டிருந்தது, அது காய்ந்துபோயிற்று.

பாவாயி அக்கா ஆபீஸுக்கு வந்து என் மேஜைக்கு எதிரே நின்றார். அழவில்லை. "மொதல்ல போட்ட ஆளு உள்ள என்ன இருக்குதுன்னு எழுதி வெக்கலீங்களா?" என்று மட்டும் கேட்டார். முதலாளி அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அண்ணன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அது பல்லாடற பாறைங்க, மூணு ராடுக்கும் எழுதிக் குடுத்தனுங்களே" என்றார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

அப்போது நான் சொன்ன வாக்கியத்தை உனக்கு எழுதும்போது கை கூசுகிறது. "நம்மகிட்ட இருக்கறதுல அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை பார். அன்றைக்கு எங்களிடம் இருந்ததில் அப்படி ஒன்றும் இல்லைதான். இல்லாமல் ஆக்கியது யார் என்பதை மட்டும் முழுங்கிவிட்டேன். பாவாயி அக்கா அந்தப் போனைப் பார்த்து, "உன் கையி வெளங்குமாடா, என் பொழப்பக் கெடுத்துட்டியே" என்றார். அந்தப் பக்கம் அண்ணனுக்கு அது கேட்டது. போன் அணைந்தது.

புத்தகம் ஒழுங்காக எழுதாதவர் என்று அவரை டிரில்லர் இடத்திலிருந்து இறக்கிப் பைப் ஏற்றுகிற லாரியில் போட்டார்கள். நான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார், பிறகு வேலையிலிருந்து நின்றுகொண்டார். ரிக் தொழிலில் பேச்சு எவ்வளவு வேகமாகப் பரவும் என்று உனக்குத் தெரியாது, வேறு யாரும் அவரை டிரில்லராக எடுக்கவில்லை. மனைவியின் ஊரான ஜலகண்டாபுரத்தில் விசைத்தறிப் பட்டறைக்குப் போய்விட்டார்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதுதான் எல்லாவற்றிலும் கேவலம். சுருக்குவதற்கு முன்னால் நான் ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்திருந்தேன். அவர் சொன்னது நிஜம் என்று காட்ட எல்லாமே அதில் இருந்தது. போனில் பேசிய மறுநாள் மத்தியானம் ஆபீஸில் யாரும் இல்லாதபோது அதைத் திறந்து பார்த்தேன். பாவாயி அக்கா போரில், அவர் சொன்ன அதே மூன்று ராடு. "கரும்பாறை, பல்லாடுது." "கரும்பாறை, பல்லாடுது." "கரும்பாறை, பல்லாடுது, பாத்து." அந்தக் கடைசி வார்த்தையை அவர் யாருக்கு எழுதினார்? பின்னால் வரப்போகிற எவனுக்கோ. அதைப் படித்துவிட்டும் மூடி வைத்தேன். டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் சொருகினேன். பதினோரு வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

உன் படிப்புக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்லி உன் தலையில் கட்ட மாட்டேன். வேலை போய்விடும் என்று பயம், அது உண்மை. அதைவிட, கெட்டிக்காரி என்று வாங்கின பேர் போய்விடுமே என்ற பயம் பெரிதாக இருந்தது. அப்போது நீ பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். ஞாபகம் இருக்கிறதா, கெமிஸ்ட்ரி லேபில் நீ உடைத்த குடுவைக்கு உன் சிநேகிதன் திட்டு வாங்கினான் என்று தெரிந்ததும் நான் ஆடின ஆட்டம்? அந்த வெயிலில் உன்னைச் சைக்கிளில் அவன் வீட்டுக்கு விரட்டினேன். "அவங்கப்பா முன்னால நின்னு நாந்தான்னு சொல்லிட்டு வா, அப்புறம் சோறு" என்றேன். நீ முகம் சிவந்து போய், சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாய். அதே மாதம்தான் நான் அந்த டிஸ்க்கைப் புடவைக்குக் கீழே வைத்தேன்.

நீ பாராட்டின மறுநாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். டீயை முழுக்கக் குடித்து முடித்துவிட்டு, "பஸ்ஸுல போறியா, நான் வண்டியில கொண்டு போய் உடட்டுமா?" என்று மட்டும் கேட்டார். முதலில் முதலாளி வீட்டுக்குப் போனேன். அவருக்கும் வயதாகிவிட்டது, எல்லாம் மகன்தான் பார்க்கிறான். "பழசைக் கிளறி இப்ப என்னம்மா ஆகப் போகுது, உடு" என்றார். விடவில்லை. எடப்பாடி வழியாகப் பஸ் பிடித்து ஜலகண்டாபுரம் போய்ப் பட்டறையைத் தேடிக் கண்டுபிடித்தேன். தறிச் சத்தத்தில் ஒன்றும் பேச முடியாது என்று அண்ணன் வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார். முடி முழுக்க நரைத்துவிட்டது. வெற்றிலையையும் விட்டுவிட்டாராம். என்னைப் பார்த்ததும், "வாங்கம்மிணி, தம்பி நல்லா இருக்கானுங்களா?" என்று உன்னைத்தான் விசாரித்தார்.

நின்றபடியே சொன்னேன். நகல் இருந்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"நானே சந்தேகப்பட்டுட்டனுங்க" என்றார் கடைசியில். "எழுதுனனா, எழுதுன மாதிரி நெனச்சுக்கிட்டனான்னு. ஊட்ல அவகிட்டக்கூட உறுதியாச் சொல்ல முடியல."

"என்ன பண்ணட்டுங்கண்ணா, சொல்லுங்க. பத்திரிகையில போடச் சொன்னாலும் போடறேன்" என்றேன்.

"மொதலாளிகிட்டச் சொல்லியாச்சுங்களா?"

"சொல்லிட்டனுங்க."

"பாவாயம்மாகிட்ட?"

"இல்லீங்கண்ணா."

"அங்க சொல்லுங்க. அந்தம்மா சொன்னதுதான் எனக்கு இன்னும் காதுல இருக்குது. அந்தப் பக்கம் பஸ்ஸு போனாலே நான் தலையக் குனிஞ்சுக்குவேன். நானும் வாரேன். நீங்க சொல்றப்ப நான் அங்க நிக்கோணும்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். இந்தக் கடிதத்தோடு அந்த டிஸ்க்கையும் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். உன்னிடம் ஒரே ஒரு வேலை. டேபிளைத் தாராளமாகச் சுருக்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. வார்த்தைகளை ஒரு தடவை எழுதி எண் கொடு, ஆனால் எண்ணுக்கு இரண்டு பைட் கொடு. பெரிய கட்டங்களை முன்னால் வைத்துச் சின்னதைப் பின்னால் அடுக்கு, நடுவில் வீணாகிற இடம் குறையும், உன் மிச்சம் அதில் கிடைத்துவிடும். எழுத்துப் பிழையைச் சேர்க்கலாம், ஒரு ஆள் கண்ணால் பார்த்துச் சொன்னதைச் சேர்க்காதே. அந்த மாதிரி ஐந்நூறு வார்த்தையை முழுசாக வைத்திருப்பதற்கு ஒரு போட்டோ பிடிக்கிற இடம்கூட ஆகாது. எது ஒன்றுதான், எது வேறு என்று உனக்கே சந்தேகம் வந்தால் எழுதினவருக்குப் போன் போட்டுக் கேள். நான் போன் போட்டுக் கேட்டும் மறந்தவள்.

அந்த நாற்பத்து மூன்று வரிகளையும் சென்னியப்பன் அண்ணன் எழுதியது எழுதியபடி திரும்பப் போட்டுவிடு, அவர் பெயரோடு. பாவாயி அக்கா போரின் பக்கத்தை மட்டும் அச்செடுத்துச் சனிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கிற மாதிரி அனுப்பு. எழுத்துக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லையாம்.

கூட வருகிறேன் என்று கிளம்பி வந்துவிடாதே சாமி. அக்கா என்னைத் திட்டலாம், வாசலிலேயே நிறுத்தலாம், அது அவர் இஷ்டம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீ பக்கத்தில் இருந்தால் நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசிவிடுவேன். அங்கே நான் பாவாயி அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

அம்மா